மஞ்சள் வீடும் பச்சை வாளியும்

அந்தத் தெருவில் யாருக்கும் வீட்டு எண் தேவைப்பட்டதில்லை. "மஞ்சள் வீட்டுக்கு எதிர்ல", "மஞ்சள் வீட்டைத் தாண்டி அடுத்தது" என்றால் போதும், ஆட்டோக்காரர் முதல் கூரியர்க்காரர் வரை தலையாட்டிவிட்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். வெளிர் மஞ்சள், இளமஞ்சள் என்றெல்லாம் பூசி மெழுக முடியாத மஞ்சள் அது. முதல்முறை பார்க்கிறவருக்குச் சின்னதாக ஒரு கோபம் வரும். பிறகு சிரிப்பு வரும். தெருமுனைக்குப் போன பிறகு இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றும். வீட்டுக்காரியும் ஏறக்குறைய அப்படிப்பட்டவள்தான்.

அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் பார்லர் அக்கா. கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். ஐம்பதைத் தாண்டிய வயது, தானே வெட்டிக்கொண்ட கிராப்பு, கடைக்கு வெளியே கேட்கும் குரல். கல்யாணமான புதிதில் புருஷன்காரன் வேலை தேடிப் போகிறேன் என்று கம்பி நீட்டிவிட்டான். போனவன் போகட்டும் என்று அழுது முடித்த அன்றே ஒரு பார்லரில் தரையில் விழும் முடியைக் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். கூட்டிக்கொண்டே பார்த்தாள், பார்த்துக்கொண்டே கற்றாள். முதலாளியம்மா ஊரில் இல்லாத ஒருநாள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள், அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை.

தொழிலில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. யாராவது போனில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வெட்டுங்கக்கா" என்றால், போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

"போட்டோவை நம்பி நான் கத்தரியைத் தூக்க மாட்டேன். அது என்னைக்கு எடுத்ததோ, எவன் மினுக்கினதோ. நீ கண்ணாடியப் பாரு. இன்னைக்கு உன் தலையில என்ன இருக்கோ, அதுலதான் நாம பேசணும்."

சிலர் முகம் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள். பெரும்பாலும் திரும்பி வருவார்கள்.

அப்படிச் சேர்த்துச் சேர்த்து, ஓர் அறை, பிறகு ஓர் அறை என்று கட்டிய வீடு அது. "தனியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் பதிலாக ஒரு மாடியும் எடுத்தாள். கடைசியில் பெயிண்டர் வந்து, வண்ண அட்டையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இது டாக்சிக்கு அடிக்கிற கலரு."

"என் வீட்டுக்கு அடிக்கப் போற கலரு. அடி."

"ஊரே பாக்கும்க்கா."

"பாக்கட்டும். பாக்கத்தான் அடிக்கிறேன்."

இத்தனை வருஷமும் ஒதுங்கி, தலை குனிந்து, வாடகை வீட்டின் பின்பக்க அறையில் இருந்தவளுக்கு அந்த மஞ்சள் எவ்வளவு பெரிய விஷயம் என்று பெயிண்டருக்குப் புரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அடித்துக் கொடுத்தார். அதன் பிறகு வருஷா வருஷம் அவர்தான் வந்து பூச்சைப் புதுப்பிப்பார். ஒவ்வொரு முறையும் வேறு வண்ணம் சிபாரிசு செய்து மூக்கு உடைபட்டுப் போவார்.

மனைவி இறந்த பிறகு அவளுடைய தம்பி வந்து மாடியில் குடியேறினார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எங்கே எது இடிந்து விழும், எது தீப்பிடிக்கும் என்று யோசிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர். நடக்கும்போதும், சாப்பிடும்போதும், சண்டை போடும்போதும் "மெதுவா, மெதுவா" என்பார். தெருவில் அவருக்கு மெதுவா மாமா என்றே பெயர்.

வினை ஒரு கல்யாணத்தில் தொடங்கியது. பார்லருக்கு வழக்கமாக வரும் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். உங்கள் வீட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறேன் அக்கா, சுவர் அவ்வளவு அழகு என்று கெஞ்சினாள். வீட்டை யாராவது அழகு என்று சொல்லிவிட்டால் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வாசல், கூடம், சமையலறை, மாடிப்படி என்று எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். போட்டோக்காரர் அந்தப் படங்களைத் தன் விளம்பரப் பக்கத்தில் போட்டார். அத்தோடு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஒருத்தனைத் தவிர.

விடுமுறை தொடங்கியதும் ஒரு காலைப்பொழுதில் வாசலில் வேன் வந்து நின்றது. அந்த ஊரில் கடற்கரை இருந்ததால் விடுமுறைக்கு வெளியூர்க்காரர்கள் வருவது வழக்கம்தான். ஆனால் இந்த வேனில் இருந்து இறங்கியவர்கள் நேராக அவள் கேட்டைத் திறந்து பெட்டிகளை உள்ளே வைத்தார்கள். பாய்கள், தண்ணீர்க் குடம், குழந்தை, குழந்தையின் மிதவை.

"சாவி உங்ககிட்டதான் இருக்கும்னு ஓனர் சொன்னாரு" என்றார் குடும்பத் தலைவர்.

"எந்த ஓனர்?"

போனில் விளம்பரத்தைக் காட்டினார். அவள் வீடு. அவள் கூடம். அவள் சமையலறை, அடுப்பு மேலே அவள் பால் பாத்திரம் உட்பட. விடுமுறைக்கு முழு வீடும் வாடகைக்கு, கடலைப் பார்த்தபடி படுக்கையறை, முன்பணம் கட்டினால் இடம் உறுதி. விளம்பரம் போட்டவன் கல்யாணப் பெண்ணை எல்லாப் படத்திலிருந்தும் வெட்டி எடுத்திருந்தான். ஒரே ஒரு படத்தில், கூடத்தின் ஓரத்தில், வளையல் போட்ட ஒரு முழங்கை மட்டும் வெட்டுப்படாமல் தப்பியிருந்தது.

அந்தக் குடும்பத்துக்கு விஷயத்தைப் புரிய வைப்பதற்குள் அக்காவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பணம் போனது என்று தெரிந்ததும் மனைவி கணவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல விடுதி ஒன்று இருக்கிறது என்று தானே போன் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தாள். ஏதோ ஒன்று நடந்துவிட்டது, முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

முடியவில்லை. அடுத்து ஒரு கார். அதற்கடுத்து ரயிலில் வந்து இறங்கிய சிநேகிதிகள் கூட்டம். பிறகு, தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி. அந்தப் பையன் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். எல்லோரிடமும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"பணம் அனுப்பறதுக்கு முன்னாடி எதையாவது கேட்டுப் பாத்தீங்களா?"

"போட்டோ எல்லாம் அவ்வளவு நல்லா இருந்துச்சே" என்றார்கள் எல்லோரும்.

அவளுக்கு எரிச்சல் வந்தது, பாவமாகவும் இருந்தது. இப்போதே பணம் போட்டால்தான் உண்டு, வேறொரு பார்ட்டி காத்திருக்கிறது என்று அவன் அவசரப்படுத்தியிருக்கிறான். விளம்பரப் பக்கத்தில் கட்டாதே, அங்கே கமிஷன் எடுப்பான், என் கணக்குக்கே நேராகப் போட்டுவிடு என்றிருக்கிறான். அவ்வளவு பெரிய வீடு அவ்வளவு மலிவாக ஏன் கிடைக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போலீஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"பணம் போனது அவங்களுக்குத்தாம்மா. உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்க வீடு அங்கதானே இருக்கு?"

"என் வீட்டை என் வீடுன்னு நான் தினமும் என் வாசல்ல நின்னு நிரூபிச்சிட்டு இருக்கேன் சார். இது நஷ்டம் இல்லையா?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். பாதிக்கப்பட்டவர்களை அவரவர் ஊரில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். விளம்பரப் பக்கத்துக்கு எழுதினாள். உங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. எழுதியது மனிதனா இயந்திரமா என்று தெரியவில்லை, திட்டுவதற்கும் வழியில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. ஏமாந்தவர்களில் யாரோ போன் வரைபடத்தில் அவள் வீட்டைத் தேடிப் பிடித்து, அதை விடுதி என்று குறித்து, அதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க உழைத்துக் கட்டிய வீட்டுக்கு ஐந்துக்கு ஒன்று. சேவை மோசம், உள்ளேயே விடவில்லை என்று கீழே விமர்சனம் வேறு. அதைப் படித்துவிட்டு அக்கா அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் தலையைக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டாள்.

அதன் பிறகு வந்தவர்தான் கோபக்காரர். வாட்டசாட்டமான ஆள், பின்சீட்டில் வயதான அம்மா, நீண்ட பயணத்தில் சோர்ந்து போயிருந்தார். அக்கா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"நல்லா நடிக்கிற! உள்ள எடுத்த போட்டோ எல்லாம் அவன்கிட்ட எப்படிப் போச்சு? நீயும் கூட்டு. பங்கு வாங்கிட்டு வாசல்ல நின்னு கதை சொல்ற!"

தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா அந்த அம்மாவுக்கு நீட்டிய தண்ணீர் டம்ளரை அந்த ஆள் தட்டிவிட்டார். காரில் ஏறுவதற்கு முன்னால் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து எறிந்தார். மாடியில் மெதுவா மாமாவின் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. அவர் உள்ளேதான் இருந்தார்.

இரவுச் சாப்பாட்டில் தம்பி தட்டைத் தொடவில்லை.

"அக்கா, கலரை மாத்திடலாம்."

"எதை?"

"சுவத்து கலரை. சாம்பல் கலர் அடிச்சிடலாம். முன்னாடி உயரமா ஒரு மதில் வச்சிடலாம். வர்றவன் தேடிப் பாத்து, இந்த மாதிரி வீடே இல்லைன்னு போயிடுவான்."

"ஏன், வீட்டுக்கு ஒரு முக்காடு வாங்கிப் போட்டுடலாமே?"

"இன்னைக்குக் கல்லு. நாளைக்கு வேற எதையாவது எறிவான். உனக்குக் கலர் முக்கியமா, நான் முக்கியமா?"

"திருடினவன் எங்கயோ ஜாலியா உக்காந்திருக்கான். நான் எதுக்குடா ஒளியணும்?"

"அப்ப நான் வேற வீடு பாத்துக்கறேன்" என்றார் தம்பி. குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் தன் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். கை கழுவப் போனவள் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். கோபத்தில் அழுவது அவளுக்குப் பிடிக்காது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

அடுத்த சில நாட்கள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு மதிய வேளையில், கூட்டம் இல்லை என்று கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். தெருமுனையில் திரும்பியதுமே கால் நின்றுவிட்டது. அவள் வீட்டின் முன்சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணிமேல் பெயிண்டர். மாடியிலிருந்து வாசற்படி வரைக்கும், கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்குச் சாம்பல் நிறம் இறங்கியிருந்தது. கீழே தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இறங்கு" என்றாள்.

பெயிண்டர் அவசரமாக இறங்கினார். "அக்கா, நான் இல்ல, சார்தான்..."

"இத்தனை வருஷமா என்கிட்ட வேற கலர் அடிக்கச் சொல்லி கெஞ்சினியே, இன்னைக்கு உனக்கு நல்ல வாய்ப்பு. இல்ல?"

"சத்தியமா இல்லக்கா. முத இழுப்பு இழுக்கும்போது எனக்கே மனசு வரல. டாக்சி கலரா இருந்தாலும் பழகிடுச்சுல்ல."

தம்பி மன்னிப்புக் கேட்கவில்லை. "நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். நீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன். திட்டறதுன்னா திட்டிக்கோ. நீ உயிரோட இருந்து திட்டணும், எனக்கு அவ்வளவுதான்."

வாய்வரை வந்த வசவை அக்கா விழுங்கினாள். அவரைத் திட்ட முடியவில்லை. அந்தச் சாம்பல் பட்டையையும் பார்க்க முடியவில்லை. பெயிண்டர் தண்ணீர் எடுத்து வைத்திருந்த பச்சைப் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனை எடுத்தாள். விரல் பழக்கத்தில் அந்த விளம்பரத்துக்குப் போனது. தினமும் பார்ப்பாள், பார்த்து வயிறு எரிவாள். முதல் படம், வீட்டின் முகப்பு. முழுக்க மஞ்சள்.

போனைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"டேய்" என்றாள் தம்பியிடம். "அவன்கிட்ட இருக்கிறது போட்டோ."

"தெரியுமே."

"என்கிட்ட இருக்கிறது வீடு."

தம்பிக்குப் புரியவில்லை. அக்காவுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது. கத்தரி பிடித்த நாளிலிருந்து ஊருக்கெல்லாம் சொன்னதை இத்தனை நாளும் தனக்குச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். போட்டோவை நம்பாதே, இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைப் பார். அவனால் அன்றைக்குப் படம் எடுத்த வீட்டைத்தான் காட்ட முடியும். இன்றைக்கு இருக்கும் வீட்டை அவளால் மட்டும்தான் காட்ட முடியும்.

வாளியை எடுத்து வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள். பெயிண்டரிடம் அவர் போனைக் கேட்டு வாங்கி, விளம்பரத்தில் இருந்த எண்ணை அழுத்தினாள். சத்தத்தைக் கூட்டி மூன்று பேருக்கும் கேட்கும்படி பிடித்தாள். எதிர்முனையில் தேன் தடவிய குரல் ஒன்று வணக்கம் சொன்னது.

"அந்த மஞ்சள் வீடு காலியா இருக்குங்களா? லீவுக்கு வேணும்."

"உங்களுக்காகவே காலியா இருக்கு மேடம்."

"வீடு உங்களோடதா தம்பி?"

"எங்க அம்மா கட்டின வீடு மேடம். பாத்துப் பாத்துக் கட்டினாங்க. போன வருஷம் தவறிட்டாங்க. விக்க மனசு வரல, அதான் நாலு பேர் வந்து சந்தோஷமா தங்கிட்டுப் போகட்டுமேன்னு..."

தம்பிக்குப் புரையேறியது. அக்கா அவர் வாயைப் பொத்தினாள்.

"அடப்பாவமே. எப்படிப் போனாங்க?"

"தூக்கத்துலயே மேடம். நல்ல சாவு."

"கொடுத்து வச்சவங்க. சரி, ரூம்ல இருந்து கடல் தெரியுமா?"

"படுத்துக்கிட்டே பாக்கலாம் மேடம்."

அந்த அறையில் படுத்துக்கொண்டு பார்த்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிதான் தெரியும். பெயிண்டர் வாயில் துண்டை வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லது. ஒரு சின்ன விஷயம் தம்பி. என்கூட ஒரு சந்தேகப் பிராணி வருது, என் உடன்பிறப்பு. அவன் என்ன சொல்றான்னா, வாசப்படியில ஒரு பச்சை வாளியைக் கவுத்து வச்சு, இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றான். அதைப் பாத்ததும் முன்பணம் போட்டுடறேன்."

தேன் கொஞ்சம் கெட்டியானது. "வாளியா மேடம்?"

"ஆமா. பச்சை."

"வீட்டைப் பாத்துக்கறவர் இன்னைக்கு லீவு மேடம்."

"நாளைக்கு வருவாரா?"

"மேடம், இன்னொரு ஃபேமிலி இப்ப பணம் போட ரெடியா இருக்காங்க. உங்க குரலைக் கேட்டா எங்க அம்மா மாதிரி இருக்கு, அதான் உங்களுக்கு..."

"அப்படியா இருக்கு?" என்றாள் அக்கா. "இருக்கும், இருக்கும். வாளியை அனுப்பு தம்பி."

வைத்துவிட்டான். இனி படம் வராது என்றார் தம்பி. ஆனால் பேராசைக்காரனுக்குக் கையருகில் வந்த பணத்தை விட மனம் வராது. பெயிண்டர் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் போன் சத்தம் போட்டது. படம் வந்துவிட்டது.

மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக் குனிந்து பார்த்தார்கள். அதே பழைய முகப்பு. படிக்கு மேலே அந்தரத்தில் ஒரு பச்சை வாளி. எங்கோ கடைப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, தலைகீழாகத் திருப்பி ஒட்டியிருந்தான். கைப்பிடி கல் படியைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. வாளி கதவில் பாதி உயரம் இருந்தது, அதற்குள் ஓர் ஆளைக் குளிப்பாட்டலாம். சுவரில் சாம்பல் பட்டையே இல்லை. முகப்பு முழுக்க, பளபளவென்று, டாக்சி மஞ்சள்.

முதலில் சிரித்தது மெதுவா மாமா. சிரிப்பு என்றால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் மனைவி போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன தைரியம் இருந்தா உன்னைச் சாகடிப்பான், அதுவும் தூக்கத்துலயே! அவனுக்கு ஒரு பதில் அனுப்புக்கா. மெதுவா வேண்டாம்."

அக்கா வாளிமேல் உட்கார்ந்தாள். பின்னால் பாதி சாம்பல், பாதி மஞ்சள். தம்பியே படம் எடுத்தார். அதை அவனுக்கு அனுப்பி, அடியில் எழுதினாள்: "மகனே, அம்மா பேசறேன். நல்லாத்தான் இருக்கேன். வாளின்னா இப்படித்தான் தரையில உக்காரும்."

அடுத்த நொடியே அவன் பெயிண்டரின் எண்ணை பிளாக் செய்துவிட்டான். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அன்று மாலையே வரைபடத்தில் ஒற்றை நட்சத்திரத்தோடு கிடந்த தன் வீட்டுப் பக்கத்தில் இரண்டு வாளிப் படங்களையும் அருகருகே வைத்துப் போட்டாள், பறக்கும் வாளி, உட்கார்ந்த வாளி. கீழே எழுதியதும் அவளேதான். தம்பி எழுத்துப்பிழை மட்டும் திருத்தினார். "இது நான் குடியிருக்கும் வீடு. வாடகைக்கு இல்லை. நீங்கள் வேறு எந்த வீட்டை எடுத்தாலும், நேரில் பார்க்க முடியாவிட்டால், வீட்டுக்காரரிடம் இன்றைய படம் கேளுங்கள். நீங்கள் சொல்லும் பொருளை நீங்கள் சொல்லும் இடத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வைப்பார். திருடன் கோபப்படுவான், அல்லது அவசரப்படுத்துவான், அல்லது அவன் வாளி பறக்கும்." தன் கடை எண்ணையும் சேர்த்துக் கொடுத்தாள்.

பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் துணி கட்டி, தலை நனைந்து உட்கார்ந்திருப்பவர்கள் தப்பித்து ஓட முடியாது அல்லவா, ஒவ்வொருவரிடமும் ஆறு பேருக்கு அனுப்பச் சொல்லித்தான் கத்தரியை எடுத்தாள். ஏமாந்துபோன பழைய குடும்பங்களுக்கும் அனுப்பினாள். போலீஸ் அதிகாரி பறக்கும் வாளியைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், பிறகு அதே பேனாவால் புகாரை எழுதிக்கொண்டார். சிரிக்க வைத்தால்தான் எழுதுவார்கள் என்றால் அதற்கும் தயார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். பல பேர் சேர்ந்து புகார் கொடுத்ததில் அந்த விளம்பரம் காணாமல் போனது. கொஞ்ச நாளில் வேறு பெயரில் மறுபடி முளைத்தது. இவர்களும் மறுபடி பிடுங்கினார்கள். அவன் பிடிபட்டான் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். பிடிபடவில்லை.

பெயிண்டர் ஒருநாள் ஏணியோடு வந்து நின்று, அந்தச் சாம்பல் பட்டையை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டார். அக்கா வாய் திறப்பதற்கு முன்னால் மாடியிலிருந்து பதில் வந்தது.

"மஞ்சள் அடிப்பா. வெளிர் கிளிர்னு ஏதாவது சொன்னே, ஏணியைத் தள்ளி விட்டுடுவேன்."

சொன்னது மெதுவா மாமா. புதுக் கண்ணாடி போட்ட ஜன்னலில் சாய்ந்து நின்றிருந்தார். அக்கா அண்ணாந்து பார்த்தாள். உள்ளே போய் அவருக்குப் பிடித்ததைச் சமைத்தாள்.

விடுமுறை முடியப் போகும் சமயத்தில் ஒரு கார் வாசலில் வந்து நின்றது. படியில் உட்கார்ந்திருந்த அக்கா காரையே பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்தா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். காரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள், அவள் பிடித்து இறக்க, ஒரு வயதான அம்மா. பெட்டி ஒன்றும் இறங்கவில்லை. அந்த அம்மாவை அக்காவுக்கு நினைவிருந்தது. அன்றைக்குத் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டவரின் அம்மா.

"நாங்க தங்க வரலக்கா" என்றாள் அந்தப் பெண் அவசரமாக. "வேற இடத்துல தங்கியிருக்கோம். இதே வீட்டை இன்னொரு பேர்ல போட்டிருந்தான். நான் பணம் போடறதுக்கு இருந்தேன். எங்க அண்ணன்தான் ஓடி வந்து தடுத்தாரு. முதல்ல வாளி கேளுன்னாரு. கேட்டேன், அவன் என்னைத் திட்டிட்டு வச்சிட்டான்."

"உங்க அண்ணன்..."

"கல்லு எறிஞ்சவர்தான். உங்களைப் பத்தி மோசமா எழுதணும்னு மேப்ல உங்க வீட்டுப் பக்கத்துக்குப் போனாராம். போன இடத்துல வாளியைப் பாத்திருக்காரு. உங்க முகத்துல முழிக்க வெக்கமா இருக்குன்னு கார்லயே உக்காந்திருக்காரு."

காருக்குள் வாட்டசாட்டமான ஓர் உருவம் ஸ்டியரிங்கைப் பார்த்துக் குனிந்திருந்தது. அக்கா உள்ளே போனாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து காரின் ஜன்னலைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

"இந்தத் தடவை தட்டி விடாதீங்க. கண்ணாடி டம்ளர்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். "அந்த ஜன்னலுக்கு ஆன செலவு..." என்று தொடங்கியவரை, அதை மாடியில் இருக்கும் ஆளிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா புதிதாக அடித்த சுவரை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு அழகான வீடும்மா. வீட்டு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"வேண்டாம்!" என்று மாடியிலிருந்து அலறல் வந்தது. "போட்டோவாலதான் இவ்வளவும்! அக்கா, மெதுவா யோசி!"

அக்கா யோசிக்கவே இல்லை. அந்த அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்து, படியில் கவிழ்ந்திருந்த பச்சை வாளிமேல் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் நின்று, முடியைக் கோதி, தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"வாசல், சுவரு எல்லாம் வர்ற மாதிரி நல்லா எடும்மா. எடுத்து எங்க வேணா போடு, எவன் வேணா திருடிக்கட்டும். நாளைக்கு வாளி வேற இடத்துல இருக்கும்."